கவர்னர் ஆகப்போகும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளை, பேரன் நலம் அறிய ஆவல். இங்கிலாந்தில் நீ குடியிருக்கும் பகுதியின் கம்யூனிட்டி காலேஜுக்கு உன்னைக் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழு உறுப்பினராக, இருக்கும்படி கேட்டிருக்கிறார்கள் என்ற செய்தியை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுப் பெரியவர், ராஜ்பவனில் எத்தனை அறைகள் இருக்கும் என்று என்னிடம் விசாரித்தார். சம்பளம் இல்லாத வேலை என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது.

நீ அனுப்பிய தாள்களை இரண்டு முறை படித்தேன். நம் பக்கத்தில் சமுதாயக் கல்லூரி என்றால், பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் இடம் என்று பொருள். உங்கள் ஊரிலோ அது 11 வயது முதல் 16 அல்லது 18 வயது வரையான பிள்ளைகள் படிக்கும் மேல்நிலைப்பள்ளி. இந்த எண்ணத்துக்கு வேர், கேம்பிரிட்ஜ்ஷயரின் கல்விச் செயலராக இருந்த ஹென்றி மாரிஸ் 1924-இல் எழுதிய ஒரு குறிப்பில் இருக்கிறது. பகலில் பிள்ளைகள் படிக்கும் கட்டடத்திலேயே மாலையில் ஊரார் கூடவும் படிக்கவும் வேண்டும் என்றார் அவர். 1930-இல் சாஸ்டன் என்ற ஊரில் முதல் கிராமக் கல்லூரி திறக்கப்பட்டது. பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தம் என்ற நினைப்பு நமக்கும் புதிதல்ல என்பதால், படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் உதவி பெறும் கல்லூரியின் கல்லூரிக் குழுவில் இருந்தது உனக்குத் தெரியும். 1976-ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் சட்டப்படி அமைந்த குழு அது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்த பிறகு நான் சேர்ந்ததால், எனக்கு முன்னிருந்தவர்களைப் போல ஒவ்வொரு கோப்பையும் தூக்கிக்கொண்டு மதுரைப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறும் சிரமம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் பதவியின் எல்லை எதுவென்று தெரியாத சிரமம் இருந்தது.

சேர்ந்த முதல் ஆண்டில், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகள் சிலர் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை நிறுத்திவிடுவதைக் கவனித்தேன். ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது: வேதியியல் செய்முறை வகுப்பு நாலரை மணிக்கு முடிந்தது, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸோ நாலேகாலுக்குப் புறப்பட்டுவிட்டது, அடுத்த பஸ் வருவதற்குள் இருட்டிவிடும். மறுநாள் காலையில் நான் நேரே துறைத்தலைவரிடம் போய், நேர அட்டவணையை மாற்றச் சொல்லி உத்தரவு போலவே சொல்லிவிட்டு வந்தேன். மதியம் முதல்வர் என்னை அழைத்து ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "ஐயா, குழுவில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் குழு; எழுந்து வெளியே வந்துவிட்டால் நீங்கள் எங்கள் மரியாதைக்குரிய ஊர்க்காரர்," என்றார். காபி கசந்தது. ஆனால் அடுத்த கூட்டத்தில் நான் அதையே கேள்வியாகக் கேட்டேன். அட்டவணையை அவரே மாற்றினார்.

உங்கள் விதியும் இதைத்தான் சொல்கிறது. பள்ளி போக வேண்டிய திசையைத் தீர்மானிப்பது, பிள்ளைகள் கற்கிறார்களா என்று தலைமையாசிரியரிடம் கணக்குக் கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் வேலை. அன்றாட நடப்பு தலைமையாசிரியருடையது. தனியாக எந்தக் கவர்னருக்கும் அதிகாரம் கிடையாது. பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் நீளும் இந்தப் பொறுப்பில், நீ கேட்கும் கேள்விதான் உன் அதிகாரம் என்று வைத்துக்கொள். கேட்டால் 'முட்டுக்கட்டை போடுகிறாள்' என்பார்கள். ஆனித் தேரோட்டத்தில், ரத வீதி முனையில் தேர் திரும்பும்போது கையில் கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடப்பவர்களை நீ சின்ன வயதில் என் தோளில் இருந்து பார்த்திருக்கிறாய். அவர்கள் இல்லாமல் எந்தத் தேரும் நிலைக்கு வந்ததில்லை.

இனி, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று.

கல்லூரிக் கையேடு அச்சடிக்க மூன்று விலைப்புள்ளிகள் வந்திருந்தன. குறைந்த விலை உன் அத்தானுடைய அச்சகத்தினுடையது. அவன் என் அக்கா மகன் என்பது குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். நானாகச் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். மறு ஆண்டு அதே வேலைக்கு மறுபடி மூன்று தாள்கள் வந்தபோது, மூத்த ஆசிரியர் என்ற முறையில் குழுவில் இருந்த தமிழ்ப் பேராசிரியர் மூன்றையும் மேசையில் அருகருகே பரப்பினார். மூன்று அச்சகங்களும் 'அச்சுக்கூலி' என்பதை ஒற்று இல்லாமல் 'அச்சுகூலி' என்றே எழுதியிருந்தன. அவர் எதுவும் சொல்லவில்லை. சிவப்பு மையால் மூன்று இடத்திலும் ஒரு 'க்' போட்டு, தாள்களை என் பக்கம் நகர்த்தினார். அந்தக் கூட்டத்திலேயே உறவைச் சொல்லி, அந்த விலைப்புள்ளிகளைத் தள்ளும்படி நானே கேட்டுக்கொண்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன். உன் கல்யாணத்துக்கு அத்தை வீட்டிலிருந்து ஒருவரும் வராததற்கு, பஸ் கிடைக்கவில்லை என்று நான் சொன்ன காரணம் உண்மையல்ல.

உங்கள் ஊரில் இதற்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. சேர்ந்ததும் படிவம் கொடுத்து, உனக்கும் உன் வீட்டாருக்கும் எந்தத் தொழிலில் பங்கு உண்டு என்று கேட்பார்கள். அந்தத் தொழிலைப் பற்றிக் கூட்டத்தில் பேச்சு வரும்போது நீ எழுந்து போய்விட வேண்டும். மாப்பிள்ளையின் கம்பெனி பள்ளிகளுக்குக் கணினி விற்பதை முதல் வரியிலேயே எழுதிவிடு. அவர் முகம் சுளித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. வரவு செலவுத் தாள்களைக் கூட்டத்துக்கு முந்தின இரவில் படிக்காமல், இரண்டு நாள் முன்னதாகவே படித்துவிடு.

அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லையாம். கோடை விடுமுறைக்கு வரும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. அச்சகத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம்.

அன்புடன்,
அப்பா