தோகாவில் இருக்கும் பாண்டிக்கு

அன்புள்ள பாண்டி,

உன் வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. "நல்லா இருக்கேம்மா, வேலை அதிகம்." அவ்வளவுதான். சரி.

இங்கே கத்திரி முடிந்தும் வெக்கை தணியவில்லை. மேலூர் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாக்கு வறண்டுபோகிறது. உன் கீழே வேலை பார்க்கிற பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதாமே. அக்கா மகன் போனில் எடுத்துக் காட்டினான். வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்கிற கணக்கில் 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமானாலும் நிறுத்திவிட வேண்டுமாம். கம்பெனிக்காரன் நெருக்கத்தான் செய்வான். நீ முடியாது என்று சொல்லத் தெரியாதவன், உன் அப்பா மாதிரி. ஃபோர்மேன் ஆனாய் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பெயருக்காவது பத்து மணிக்கு ஆட்களை நிழலுக்கு அனுப்பு. நீயும் போ.

"மதுரைக்காரனுக்கு வெயில் புதுசா" என்ற பேச்சு வேண்டாம். நம் ஊரில் 40 டிகிரி அடித்தாலும் வியர்வை காய்கிறது, உடம்பு கொஞ்சம் குளிர்கிறது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழியும், காயாது. உள்சூடு உள்ளேயே தங்கும். உடம்பு அதற்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். லீவு முடிந்து திரும்புகிறவனும் புது ஆள்தான். சித்திரைத் திருவிழாவுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் படுத்திருந்துவிட்டு, போன மறுநாளே முழு வேலையில் இறங்கினால் என்ன ஆகும்? யாரையும் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கீழத்தெருப் பையன் கிட்னியோடு படுகிற பாடு உனக்கே தெரியும். ரொம்ப வியர்த்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அங்கன்வாடியில் நான் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த எனர்ஜி டிரிங்க் டப்பாவைத் தொடாதே.

எவனாவது உளறினாலோ, தள்ளாடினாலோ "கொஞ்சம் உட்காரு, சரியாகிவிடும்" என்று விடாதே. முதலில் 999-க்குக் கூப்பிடு. நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறு. நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே.

நேற்று ரேஷன் கடையில் கீழத்தெருக்காரி கேட்டாள்: "தம்பிக்கு ட்ரிப்ஸ் ஏத்தினாங்களாமே, இப்ப தேவலையா?" என்ன ட்ரிப்ஸ், எப்போது என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தவள் மாதிரி, "இப்ப தேவலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. 2024-இல் நம் அரசாங்கம் வெயிலையும் பேரிடர் என்று அறிவித்து, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று சொன்னபோது அந்தப் பேப்பரை அன்று முழுக்க மடியில் வைத்திருந்த மனுஷன்.

ரூமில் ஏசி ரிப்பேர் என்றாயே, சரிசெய்தார்களா? ராத்திரி உடம்பு ஆறாவிட்டால் மறுநாள் வெயில் இரட்டிப்பாகத் தாக்கும். தண்ணீர் குடி. பத்து மணிக்கு நிறுத்து.

வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிடு. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வராதே.

அம்மா