பக்கெட்ட டெலீட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

அமேசானோட கிளவுட் ஸ்டோரேஜ் எஸ்3-ல பக்கெட் (ஃபைல் போட்டு வைக்கற டப்பா) போடற, அப்புறம் கிளீனப்னு அதையே தூக்கற டெவலப்பர் மக்களே, வணக்கம்.

பேர் வைக்கிறதுல குத்தம் சொல்ல வரல. 3-லேர்ந்து 63 எழுத்து, எல்லாம் ஸ்மால் லெட்டர், நம்பர், ஹைஃபன், புள்ளி, இதான் முக்கியமான ரூல் (புள்ளி மட்டும் வேணாம், எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட்ல போய் இடிக்கும், பட்டுட்டு சொல்றேன்). நீங்க யோசிச்ச பேரை எவனோ ஏற்கெனவே எடுத்திருப்பான், கடுப்புல பின்னாடி ஒரு 2 போட்டு முடிச்சிருப்பீங்க. ஏன்னா சாதா பக்கெட் பேரு உங்க அக்கவுண்டுக்குள்ள மட்டும் இல்ல, சைனா மாதிரி அமேசான் தனியா பிரிச்சு வெச்ச ஏரியாவ விட்டா உலகம் பூரா ஒருத்தருக்குத்தான்.

பக்கெட்டோட ஏஆர்என்-ஐ (அமேசான் ஒவ்வொண்ணுக்கும் குடுக்கற முழு அடையாளப் பேரு) பாத்திருக்கீங்களா? ரீஜியன், அக்கவுண்ட் நம்பர் வரவேண்டிய இடம் ரெண்டும் காலி, மூணு கோலன் வரிசையா நிக்கும், மொதல்ல நான் டைப்போன்னே நெனச்சேன். வெறும் பேர்தான் விலாசம், வீட்டுக்காரர் யாருன்னு அதுல எங்கயும் இல்ல.

எங்க ஆபீஸ்ல பில்லு குறைக்கறோம்னு பழைய பக்கெட் ஒண்ண டெலீட் பண்ணிட்டாங்க, ஆனா கஸ்டமர் மெஷின்ல ஓடற இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் அந்த பேர்லேர்ந்துதான் ஃபைல் இழுத்துட்டு இருந்துச்சு, 404 (தேடினது இல்லங்கற எரர்) வந்து ஸ்கிரிப்ட் நின்னதாலதான் எங்களுக்கே தெரிஞ்சுது, அடிச்சு புடிச்சு அதே பேர்ல திரும்ப கிரியேட் பண்ணோம், நல்லவேளை கெடச்சுது. நடுவுல வேற எவனாச்சும் அந்த பேரை எடுத்து அவன் ஃபைல போட்டிருந்தா? 404 வராது, சத்தமே இல்லாம அவன் கோடு கஸ்டமர் மெஷின்ல ஓடியிருக்கும். இத்தனைக்கும் காலி பக்கெட்டுக்கு ஸ்டோரேஜ் காசே கெடையாது!

அதனால உள்ள இருக்கற ஃபைல அழிங்க, பக்கெட்ட விட்ருங்க. கோடுல கூப்பிடும்போது எக்ஸ்பெக்டட் பக்கெட் ஓனர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல உங்க 12 இலக்க அக்கவுண்ட் நம்பரக் குடுத்தா ஓனர் மாறியிருந்தா 403 (அனுமதி இல்லங்கற எரர்) அடிச்சு நிறுத்திடும். நம்மாளுங்க யாரும் அத தொடறதே இல்ல. மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஷ்யூர் ஆளுங்களும் சிரிக்காதீங்க, உங்க ஸ்டோரேஜ் அக்கவுண்ட் பேரும் (அதுக்கு 24 எழுத்து வரைக்கும்தான், ஹைஃபன் கூட கெடையாது) இதே ஊர்ப்பொதுக் கதைதான்.

அடுத்த கிளீனப் டிக்கெட் யார் கைக்கு வருதோ அவங்க மொதல்ல ரெப்போ (கோடு வெச்சிருக்கற இடம்) பூரா அந்த பக்கெட் பேரை ஒருதடவ தேடிப் பாருங்க, டாக்கர் ஃபைல், பழைய ரீட்மீ எதையும் விடாம. எங்க பக்கெட் பேரு அப்டி ஒரு பழைய ரீட்மீலதான் இருந்துச்சு.