பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் குழந்தைகளோடு சேர்ந்து உடை தைப்பது பற்றி வந்திருந்த கட்டுரையை ஆவலோடு படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டே போனால் துணி எடுப்பது அம்மா, அளப்பது அம்மா, வெட்டுவது அம்மா, தைப்பதும் அம்மா. பிள்ளைக்கு மிஞ்சியது பசை தடவி மணி ஒட்டுவது. இதற்குச் 'சேர்ந்து தைப்பது' என்று பெயர் வைக்க எப்படி மனம் வந்ததோ! அதோடு, கட்டுரை நெடுக மகள், மகள் என்றே வருகிறது. மகன்களும் சட்டை போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள்.

நான் கட்டட வரைபடம் வரைந்து பிழைப்பவன். வீட்டில் ஒரு தையல் இயந்திரமும், பத்து வயதில் ஒரு மகளும், ஏழு வயதில் ஒரு மகனும் உண்டு. ஓர் உடையில் மூளைக்கு உள்ள வேலை பெரும்பாலும் துணியில் கத்தரி படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியைப் பெரியவர்கள் வைத்துக்கொண்டு அலங்காரத்தை மட்டும் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பிக்கு என்று மகள் வரைந்த சட்டைக்கு முன்பக்கம் மட்டுமே இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வரைவார்கள். முகப்புத் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீடு கட்ட முடியாது என்பது என் தொழில் புத்தி, ஆகவே, "தலை எந்த வழியாக உள்ளே போகும்?" என்று கேட்டேன். இஞ்ச் டேப்பை எடுத்துத் தம்பியைப் பிடித்து நிறுத்தி அளந்தாள். கழுத்துச் சுற்று 28 செ.மீ., தலைச் சுற்று 52 செ.மீ. அவள் வரைந்திருந்ததோ கழுத்தை ஒட்டிய வட்டம். கழுத்தை அகலமாக்கலாம் என்றால் தோளிலிருந்து நழுவும். முதுகுப் பக்கம் பிளந்து பட்டன் வைக்கலாம் என்றாள். "என்னால் எட்டிப் போட முடியாது" என்று போடப்போகிறவன் மறுத்துவிட்டான். முன்பக்கம் சிறு பிளவு, அதற்குப் பட்டி, இரண்டு பட்டன் என்று இருவருமாக ஒரு முடிவுக்கு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குச் சுலபமான காரியமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்புச் சுற்று 60 செ.மீ. என்றால் அதே அளவில் வெட்டினால் என்ன என்று அவன் கேட்டான். டேப்பை மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னேன். கைகளை முன்னால் நீட்டச் சொன்னேன். டேப் என் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிற்று. சட்டைக்கு 10 செ.மீ. தளர்வு கூட்ட வேண்டும் என்பதற்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்வளவும் காகிதத்தில் நடப்பதால் துணி வீணாகுமே என்ற பயம் இல்லை. பழைய செய்தித்தாள் போதும் (தங்கள் பத்திரிகையும் இதில் உண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டும்). 1863இல் அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் துணிமேல் வைத்து வெட்டுவதற்கான காகித மாதிரிகளைப் பல அளவுகளில் தயாரித்து விற்கத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர்களுக்கு அளவெடுத்து வரையும் சுமை அதனால் குறைந்தது. நல்ல வசதிதான். ஆனால் பிள்ளைகளோடு உட்காரும்போது ஆயத்த மாதிரியை நான் தொடுவதில்லை. அவர்களுக்கு விளையாட்டே அந்தச் சுமையில்தான் இருக்கிறது.

பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். தைத்த பிறகு சுருங்கினால் அழுகைதான் மிஞ்சும். பிறகு துணியை அவர்கள் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாவு ஓடும் நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஊடைவாக்கில், அதாவது அகலவாக்கில், கொஞ்சம் இடம் கொடுக்கும். மூலைவாக்கில், அதாவது 45 பாகையில் இழுத்தால் நன்றாகவே நீளும். கழுத்து ஓரத்துக்கு ஏன் இப்படி மூலைவாக்கில் கிராஸ் பட்டி வெட்டுகிறார்கள், அது மட்டும் எப்படி வளைவில் சுருக்கமில்லாமல் படிகிறது என்பதைக் கை கண்டுகொள்ளும்.

பை எங்கே இருக்க வேண்டும் என்பது மகனின் உரிமை. வயிற்றுக்கு நேராக, இரண்டு கையும் நுழைகிற அளவில் ஒன்று கேட்டான். அதில் அவன் எதையெல்லாம் திணிப்பான் என்று தெரியும். பையின் மேல்மூலைகள்தான் முதலில் பிய்யும். ஜீன்ஸ் பையின் மூலையில் செம்புக் குமிழ் இருப்பதைக் காட்டினேன். ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. எங்களிடம் குமிழ் இல்லை. மகள் அந்த இரு மூலைகளிலும் முக்கோணமாகத் தையல் போட்டு இறுக்கினாள்.

இயந்திரத்தில் மிதியை நான் தரவில்லை. மேலே உள்ள சக்கரத்தைத் தம்பி கையால் சுற்றுவான், அக்கா துணியை நகர்த்துவாள். ஒரு சுற்றுக்கு ஒரு தையல். 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஆனால் விரல் ஊசிக்கருகே போவதற்குள் நிறுத்திவிடலாம்.

இந்தக் கடிதத்தை உடனே எழுத வைத்தது வேறொன்று. கட்டுரையோடு வந்த படத்தில், சின்னக் குழந்தைக்கான தலைமூடி வைத்த மேலாடையில் கழுத்தைச் சுற்றி இழுகயிறு கோத்துக் காட்டியிருந்தீர்கள். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 14682, ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடையில் தலைமூடியிலும் கழுத்திலும் இழுகயிறு கூடாது என்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இலேயே இது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. சறுக்குமரம் போன்றவற்றின் இடுக்கில் கயிற்றின் முடிச்சு சிக்கிக் கழுத்தை நெரித்த விபத்துகளே காரணம். இது ரசனை பற்றிய கருத்து வேறுபாடு அல்ல. அடுத்த இணைப்பிலேயே இதற்குத் திருத்தம் வெளியிட வேண்டும். கயிறு இருந்த இடத்தில் எலாஸ்டிக்கையோ அழுத்துப் பட்டனையோ வரைந்து படத்தையும் மறுபடி போடுங்கள். முதல் படத்தைப் பார்த்துத் துணி வெட்டியவர்கள் இன்னும் கயிறு கோக்காமல் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தகப்பனான ஒரு வாசகர்