வழக்கு யாரிடம் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிமன்ற ஊழல் பற்றிப் பேச்செடுத்தாலே, 'நீதித்துறையின் சுதந்திரத்தில் கை வைக்காதீர்கள்' என்கிறார்கள். சுதந்திரம் கட்டாயம் வேண்டும். நியமனமும் இடமாற்றமும் சம்பளமும் ஆட்சியாளர் கையில் இருந்தால், அரசுக்கு எதிராக ஒரு நீதிபதி துணிந்து தீர்ப்பு எழுதுவது கடினம். ஆனால் அந்தச் சுதந்திரம் வழக்காட வருபவருக்கான பாதுகாப்பு. நீதிபதியின் சொந்தச் சலுகை அல்ல. 2003-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவும், நீதித்துறையின் சுதந்திரத்தை மதித்தபடியே அதன் நேர்மையை வலுப்படுத்தச் சொல்கிறது.

நீதிபதிகள் தங்கள் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடுவது, உறவினர் வழக்கிலிருந்து விலகுவது எல்லாம் சரி. எனக்கு முக்கியமாகப் படுவது, எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகிறது என்பதுதான். அதை ஒருவர் தன் விருப்பப்படி முடிவு செய்தால், காசு கைமாறாமலேயே தீர்ப்பை வளைத்துவிடலாம். வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது. எனவே வழக்குகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். விதிவிலக்கு தேவைப்பட்டால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம், கோப்பை நகர்த்தவும் நகல் தரவும் கை நீட்டும் அலுவலக ஊழியர்கள். ஏழை மனுதாரர் முதலில் சந்திப்பது அவர்களைத்தான். நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு, அரசியல்வாதிகளின் பிடியில் இல்லாமல், இந்த ஊழியர்களையும் விசாரிக்க வேண்டும். முடிவையும் காரணத்தோடு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்