செத்த நிரலை நீக்கும் பேட்ச்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கர்னலின் மெமரி மேனேஜ்மென்ட் பகுதிக்கு பேட்ச் (நிரலில் செய்யும் மாற்றம்) அனுப்புகிற, வந்த பேட்ச்சைப் படித்து ஒப்புதல் தருகிற தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வரி புதிதாகச் சேர்க்கிற பேட்ச் வந்தால் நாம் லேசில் விடுவதில்லை. லாக் எங்கே எடுக்கிறாய், எங்கே விடுகிறாய், மெமரி கிடைக்காமல் போனால் எந்த வழியாக வெளியே வருகிறாய் என்று குடைந்து எடுத்துவிடுகிறோம். அதே ஐம்பது வரியை "இது பயன்பாட்டில் இல்லை, நீக்குகிறேன்" என்று ஒருவர் கொண்டுவந்தால், கம்பைல் ஆகிறதா, ஆகிறது, சரி, ரிவியூட்-பை (படித்துப் பார்த்துவிட்டேன் என்ற ஒப்புதல் வரி) போட்டாயிற்று. முழுக்கச் சிவப்பு வரிகளாக, அதாவது நீக்கமாகவே, இருக்கிற பேட்ச் என்றாலே நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நீக்கும் பேட்ச்சைத்தான் அதிக நேரம் எடுத்துப் படிக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் அதில் பார்க்க வேண்டியதில் பாதி பேட்ச்சுக்குள்ளேயே இருக்காது.

நான் நீக்கத்துக்கு எதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்த நிரலை, அதாவது இனி யாருக்கும் பயன்படாத நிரலை, விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கிளீன்கேஷ் கதை போதும். 2011-இல், 3.0 பதிப்பில் உள்ளே வந்தது. ஃபைல் பக்கங்களை மெமரியில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் இருந்து ஒரு சுத்தமான (டிஸ்க்கில் உள்ளதிலிருந்து மாறாத) பக்கத்தை வெளியேற்றும்போது, அதைத் தூக்கி எறிவதற்கு முன், மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசரிடம் கொடுத்துவைப்பது, பிறகு அதே பக்கம் தேவைப்பட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அங்கிருந்தே வாங்கிக்கொள்வது, இதுதான் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அதைக் கடைசிவரை உண்மையாகப் பயன்படுத்தியது ஜென் ஹைப்பர்வைசரின் டிமெம் டிரைவர், அந்த டிரைவரை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே கிளீன்கேஷுக்கு வேலை போயிற்று. ஆனாலும் அதன் ஹூக்குகள் (மற்ற நிரலில் இருந்து அதை அழைக்கும் இடங்கள்) 2022 தொடக்கம் வரை, 5.17-க்கான மாற்றங்களில் கிறிஸ்டோஃப் ஹெல்விக் அனுப்பிய பேட்ச் தொடர் எடுக்கும்வரை, அப்படியே கிடந்தன. இரண்டு வருஷத்துக்கும் மேல் பேஜ் கேஷ் நிரலைப் படித்த ஒவ்வொருவரும், பக்கத்தைக் கழற்றும் இடத்தில் "பக்கம் சரியாக இருந்தால் கிளீன்கேஷுக்குத் தள்ளு, இல்லையென்றால் அங்கே பழையது இருந்தால் செல்லாததாக்கு" என்ற கிளையைப் பார்த்து, இது எப்போது ஓடும், இங்கே என்ன லாக் பிடித்திருக்க வேண்டும் என்று யோசித்திருப்பார்கள். எப்போதும் ஓடாது என்பதுதான் பதில், ஆனால் அதை நிரல் சொல்லாது. பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்ட்4, ஓசிஎஃப்எஸ்2 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் ஹூக்குகள், சூப்பர்பிளாக் ஸ்ட்ரக்ச்சரில் ஒரு தனி ஃபீல்டு, கான்ஃபிக் தேர்வு, ஆவணம் என்று எல்லா இடத்திலும் அது வேர் விட்டிருந்தது. அதனோடு பிறந்த, ஸ்வாப் பக்கங்களுக்கு இதே வேலையைச் செய்யும் ஃப்ரண்ட்ஸ்வாப்பில் அப்போது தேவையில்லாத பகுதியை வெட்டினார்கள், மிச்சம் 2023-இல்தான் முழுசாகப் போனது.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது அதன் முகப்புரைதான். டிமெம் டிரைவர் 2019-இல் போய்விட்டது, அதிலிருந்து இந்த ஹூக்குகளை யாரும் பயன்படுத்தவில்லை என்று காரணத்தைத் தேதியோடு சொல்கிறது. நான் கேட்பது இதைத்தான்! "அன்யூஸ்டு" என்ற ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். யாரால், எந்தக் கமிட்டால் (கர்னலில் பதிவான எந்த மாற்றத்தால்) இந்த நிரலுக்கு வேலை போனது என்று எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று நமக்கு இன்னும் தெரியாது என்றுதான் பொருள்.

தேடிப் பார்த்தேன், பெயர் எங்கேயும் வரவில்லை என்பது ஆதாரம் ஆகாது. மெமரி மேனேஜ்மென்டில் நிச்சயம் ஆகாது. பிஜிஅலாக்_டிஎம்ஏ32 என்ற எண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்னலின் மூல நிரல் முழுக்க கிரெப் (சொல் தேடும் கருவி) போட்டாலும் அந்தப் பெயரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் 64-பிட் இன்டெல் இயந்திரம் ஒன்றில் கர்னல் தன் மெமரி எண்ணிகளைக் காட்டும் /ப்ராக்/விஎம்ஸ்டாட் ஃபைலைத் திறந்தால் அது அங்கே நிற்கும், எண்ணும் ஏறிக்கொண்டிருக்கும். எப்படி? வரையறையில் மேக்ரோ பெயர்த்துண்டுகளை ஒட்டி அந்தப் பெயரை உருவாக்குகிறது, பயன்படுத்தும் இடத்தில் இன்னொரு மேக்ரோ நார்மல் ஜோனின் (மெமரியைப் பிரித்திருக்கும் பகுதிகளில் ஒன்று) எண்ணியில் இருந்து ஜோன் எண்ணைக் கூட்டிக் கழித்து அந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. பெயரே தேவைப்படவில்லை. ஒரு பக்கத்தின் நிலையைக் குறிக்கும் பேஜ் ஃபிளாக்குகளும் இப்படித்தான், ஒரே மேக்ரோ வரி சோதிக்க, வைக்க, அழிக்க என்று தனித்தனி ஃபங்ஷன்களைப் பெற்றுப் போடும். இந்த இடங்களில் தேடலின் முடிவை நம்பி வெட்டுகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியது ரிவ்யூ செய்கிறவரின் வேலை.

அப்புறம் கான்ஃபிக், அதாவது கர்னலைக் கட்டும்போது எதைச் சேர்ப்பது என்ற தேர்வுகள். என் லேப்டாப்பில் செத்தது எல்லா இயந்திரத்திலும் செத்தது ஆகாது. முகவரியில் இருந்து மெமரிப் பக்கத்தைக் கண்டுபிடிக்கும் பேஜ் டேபிளில் எத்தனை அடுக்கு என்பது ஆர்க்கிடெக்சரைப் பொறுத்தது. ஐந்தாவது அடுக்குக்கான நிரல் 2017-இல் வந்தது, 48 பிட் முகவரியை 57 பிட்டாக நீட்டுவதற்காக. அடுக்கு குறைவாக உள்ள இடங்களில் நடு அடுக்குகளை மடித்துவிடுவார்கள், "இந்த இடம் காலியா" என்ற சோதனை எப்போதும் "இல்லை" என்றே பதில் தரும், கம்பைலர் அந்தக் கிளையையே தூக்கிவிடும். அசெம்பிளி வெளியீட்டைப் பார்த்துவிட்டு இது ஓடவே ஓடாத கிளை என்று ஒருவர் முடிவுகட்டினால், அவர் பார்த்த இயந்திரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. அதனால்தான் ஆல்யெஸ்கான்ஃபிக் (எல்லாத் தேர்வும் போட்டது) மட்டும் போதாது, ஆல்நோகான்ஃபிக் (முடிந்தவரை எதுவும் போடாதது), முகவரியை மாற்றும் எம்எம்யூ வன்பொருள் இல்லாத பில்ட், கர்னல் நேரடியாகத் தொட முடியாத ஹைமெம் பகுதி உள்ள 32-பிட் பில்ட் என்று நாலைந்தையாவது ஓட்டிப் பார்த்தேன் என்ற வரி கமிட் செய்தியில் இருக்க வேண்டும். பில்ட் ரோபோ பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். அது கம்பைல் உடைந்தால் சொல்லும். கம்பைல் ஆகி, ஓடும்போது தப்பாக ஓடினால் அதற்குப் பெரும்பாலும் தெரியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. அரிதாக ஓடுகிற நிரலைச் செத்த நிரல் என்று எண்ணிக்கொள்வது. கர்னலில் ஜிஎஃப்பி_கெர்னல் என்ற வழக்கமான கொடியோடு சின்ன அளவில் மெமரி கேட்டால், அதாவது எட்டு பக்கம் வரை, 4 கேபி பக்கம் என்றால் 32 கேபி வரை, அது சாதாரணமாகத் தோற்பதில்லை. ஒதுக்கும் பகுதி திரும்பத் திரும்ப முயலும், கடைசியில், மெமரி தீர்ந்தால் பிராசஸ்களைக் கொல்லும் ஓஓஎம் கில்லரைக் கூப்பிட்டு எதையாவது கொன்றாவது இடம் பிடிக்கும். ஆகவே அந்த அழைப்புகளுக்குப் பின்னால் எழுதியிருக்கிற "கிடைக்கவில்லை என்றால்" கிளைகள், எந்த வரி எத்தனை முறை ஓடியது என்று காட்டும் கவரேஜ் அறிக்கையில் வருஷக்கணக்கில் பூஜ்ஜியமாகவே இருக்கலாம். கருவி அதைச் சுட்டிக்காட்டும், யாராவது ஆர்வமாக வெட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் மெமரி கேட்கிற பிராசஸே ஓஓஎம் கில்லர் தேர்ந்தெடுத்த பலி என்றால் அந்த அழைப்பு தோற்கலாம், அந்தக் கிளை அப்போதுதான் ஓடும். இயந்திரம் மூச்சுத்திணறுகிற அந்த நேரத்தில் வெற்று பாயின்டரைத் தொட்டு கர்னல் விழுந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. ஃபெயில்ஸ்லாப், ஃபெயில்_பேஜ்_அலாக் என்று வேண்டுமென்றே தோல்வியை உண்டாக்கும் வசதிகள் கர்னலிலேயே இருக்கின்றன. பிழை வழியை நீக்குகிறவர் அதை வைத்து ஓட்டிக் காட்டட்டும்.

எதையும் திருப்பித் தராத ஃபங்ஷன் அழைப்புகளும் இப்படித்தான் மாட்டும். எல்ஆர்யூ_ஆட்_டிரெயின்_ஆல் என்ற அழைப்பைப் பார்த்தால் எதுவும் செய்யாதது போல் இருக்கும். உண்மையில் ஒவ்வொரு சிபியுவும் தன் கையில் கொஞ்சம் பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும், அதை எல்லாம் பொதுப் பட்டியலுக்குத் தள்ளச் சொல்வது இதுதான். அந்தக் கையிருப்பு பக்கத்தின் மேல் ஒரு ரெஃபரன்ஸை (இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்கை) பிடித்துக்கொண்டிருக்கும், அது இருக்கும்வரை பக்கத்தை வேறு இடத்துக்கு நகர்த்துவது தோற்கலாம். அழைப்பை எடுத்துவிட்டால் கம்பைல் ஆகும், டெஸ்ட்டும் பெரும்பாலும் தேறும், எப்போதாவது ஒருமுறை நகர்த்தல் தோற்கும், காரணம் யாருக்கும் புலப்படாது.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். யாராலும் அடைய முடியாத நிரல் ஒன்று, அடைய முடியும் ஆனால் யாரும் அடைவதில்லை என்பது இன்னொன்று, சிலர் பயன்படுத்துகிறார்கள் ஆனால் நமக்குப் பராமரிக்க விருப்பமில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் "டெட் கோட்" என்று ஒரே தலைப்புப் போட்டு அனுப்புவது நேர்மை இல்லை. கர்னலில் சின்னச் சின்ன மெமரித் துண்டுகளைத் தர எஸ்எல்ஏபி, எஸ்எல்யூபி, எஸ்எல்ஓபி என்று மூன்று ஒதுக்கிகள் இருந்தன, அவற்றில் சின்ன இயந்திரங்களுக்கான எஸ்எல்ஓபி இந்த மூன்றாவது வகை. 2006-இல் வந்தது, 2023-இல் 6.4 பதிப்பில் போனது. போவதற்கு முன் 6.2-இல் எஸ்எல்யூபியிலேயே டைனி என்ற சிக்கனத் தேர்வைக் கொண்டுவந்து மாற்று வழி காட்டினார்கள். எஸ்எல்ஏபியை 6.5-இல் கான்ஃபிக் பெயரிலேயே "கைவிடப்பட்டது" என்று ஒட்டி எச்சரித்துவிட்டு 6.8-இல் எடுத்தார்கள். எஸ்எல்ஓபி போனதால் கேமெம்_கேஷ் என்ற தனி சேமிப்பில் வாங்கிய மெமரியையும் பொதுவான கேஃப்ரீ ஃபங்ஷனாலேயே விடுவிக்கலாம் என்ற பெரிய வசதியும் கிடைத்தது. இதைச் செத்த நிரல் என்று சொல்லி ஒரே நாளில் வெட்டியிருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும்.

பயனர் பக்கம் தெரிகிற எதுவும் செத்தாலும் அதன் இடம் காலியாகக் கூடாது. உங்கள் இயந்திரத்தில் மெமரிக் கணக்கைக் காட்டும் /ப்ராக்/மெம்இன்ஃபோ ஃபைலைத் திறந்து பாருங்கள், என்எஃப்எஸ்_அன்ஸ்டேபிள் என்று ஒரு வரி, பக்கத்தில் 0 கேபி. அந்தக் கணக்கே 2020-இல் கர்னலில் இருந்து போய்விட்டது, இப்போது அங்கே பூஜ்ஜியத்தை நேரடியாக எழுதி அச்சிடுகிறார்கள், எங்கேயோ ஒரு ஸ்கிரிப்ட் அந்த வரியை எதிர்பார்க்கலாம் என்பதற்காக. பயனர் நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளில் (சிஸ்டம் கால்) ஒன்றான ரீமேப்_ஃபைல்_பேஜஸுக்கும் இதே மரியாதைதான்: உள்ளே இருந்த சிக்கலான நிரலை 4.0-இல் எடுத்தார்கள், அழைப்பை மட்டும் சாதாரண மேப்பிங்குகளை வைத்து ஒப்பேற்றி உயிரோடு வைத்தார்கள். மெம்இன்ஃபோவின் அந்தப் பூஜ்ஜிய வரியையும் நீக்க வேண்டும் என்று யாராவது வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இந்தக் கமிட்டின் பிழையைச் சரிசெய்கிறேன் என்று குறிக்கும் ஃபிக்சஸ் டேகைப் பற்றியும் ஒரு வார்த்தை. செத்த நிரல் நீக்கத்துக்கு அதைப் போடாதீர்கள். அந்த டேகைப் பார்த்து பேட்ச் பழைய ஸ்டேபிள் கர்னல்களுக்கு (பிழைத்திருத்தம் மட்டும் பெறும் பழைய பதிப்புகளுக்கு) எடுக்கப்படலாம். மெயின்லைனில் (புதிய வேலை நடக்கும் முதன்மைக் கர்னலில்) அந்த நிரலுக்கு வேலை போகக் காரணமான கமிட் பழைய கர்னலில் இருக்காது, அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கும். ரிவ்யூவில் இதைக் கவனிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

வெட்டிய பிறகு மிச்சம் இருப்பதையும் படியுங்கள். கடைசியாக "ட்ரூ" அனுப்பிய அழைப்பு போய்விட்டால் அந்த பூலியன் இனி எப்போதும் "ஃபால்ஸ்"தான், அதற்குக் கீழே உள்ள கிளையும் செத்தது, அந்தக் கிளைக்காகவே பிடித்த லாக்கும் வேண்டாம், மேலே உள்ள கமென்ட் இல்லாத ஃபங்ஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். இதெல்லாம் மாறிய வரிகளை மட்டும் காட்டும் டிஃப்பில் தெரியாது, ஃபைலைத் திறந்தால்தான் தெரியும்.

பேட்ச் அனுப்புகிறவர்களில் பலர் புதியவர்கள், அவர்களின் முதல் பேட்ச்சே பெரும்பாலும் இப்படி ஒரு சுத்தம் செய்யும் வேலைதான் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களை விரட்டாதீர்கள். "எந்தக் கமிட்டுக்குப் பிறகு இது தேவைப்படவில்லை, எந்தெந்த கான்ஃபிக்கில் பார்த்தீர்கள்" என்று மட்டும் கேளுங்கள், பதில் வந்ததும் ஃபைலைத் திறந்து நீங்களும் சரிபாருங்கள், பிறகு ரிவியூட்-பை போடுங்கள். பதில் வராத பேட்ச் எத்தனை சின்னதாக இருந்தாலும் உள்ளே போக வேண்டாம்.

அன்புடன்,
உங்களோடு பேட்ச் படிக்கிற ஒருவன்