செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, அங்கத்தவர்களே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பின்படி எமது விளையாட்டுக் கழகத்தின் 2024 ஆம் ஆண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கின்றேன். தைப்பொங்கலை ஒட்டி மைதானத்தில் சிரமதானம் நடந்தது. சித்திரையில் சிறுவர் விளையாட்டு விழாவும், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் அடியார்களுக்குத் தாகசாந்தியும் நடந்தன. பெண் பிள்ளைகளின் வலைப்பந்து அணி பிரதேச மட்டம் வரை போனது. கார்த்திகை மழைக்கு மைதானத்தின் கிழக்குப் பக்கம் வழமைபோல வெள்ளம் நின்றது. இரண்டு லோட் கிரவல் பறித்தால் சரி.

ஆவணி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில் 16 அணிகள் ஆடின. வெற்றி தோல்வி எல்லோருக்கும் தெரியும். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது அங்கே எடுத்த படங்களின் விலைப் பிரச்சினையை. அதற்குப் பிறகு என்மேல் வந்த குறைகள் எல்லாம் அதனால்தான் வந்தன.

கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டவுடன் வந்தார். கழகம் அவருக்கு ஒன்றும் கொடுக்காது, எடுத்த படங்களை ஒன்று 200 ரூபா வீதம் விளையாட்டுக்காரருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதைப் பேசியது நான்தான். இரண்டு நாளில் 1,400 படம் வரை எடுத்தார். இரண்டு இரவு இருந்து 300ஐத் தெரிந்தெடுத்து, குறுக்கே தன் பெயரைப் போட்டு, அணிகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். விற்றது 23. கைக்கு வந்தது 4,600 ரூபா. மற்றவற்றை எங்கள் பொடியள் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அவருடைய பெயர் குறுக்கே கிடக்கக் கிடக்க முகநூலில் போட்டார்கள். இது எனக்குப் பெரிய வேதனை.

‘பட்டனை அமத்துறதுக்கு 200 ரூபாவா’ என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இரண்டாம் நாள் நான் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் உரப்பையை விரித்து அதில் குப்புறக் கிடந்தார். ஓடுகிற ஆளைக் கலங்காமல் பிடிக்க, ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் கமரா திறந்து மூடலாம். அந்த நேரத்துக்குள் போதிய வெளிச்சம் உள்ளே போக வேண்டும். எங்கள் அரையிறுதியோ பிந்தித் தொடங்கி, பொழுது சாயும் நேரத்தில்தான் சூடுபிடிக்கும். அதற்குத் தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டுகிற, வெளிச்சத்தைக் கூட உள்ளே விடும் பெரிய வாய் உள்ள 70-200 லென்ஸ் வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 அளவுக்கு ஏறியதை நாம் மாவிலும் பெற்றோலிலும் பார்த்தோம். கமராச் சாமானும் அதே கப்பலில்தான் வருகிறது. கமராவுக்குள் திறந்து மூடும் ஷட்டருக்கும் ஆயுள் உண்டு, ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் தரம் என்று. கலியாண வீட்டில் மாப்பிள்ளையை இன்னொருமுறை நில்லுங்கோ என்று சொல்லலாம். தலையால் முட்டிய பந்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அந்த 23இல் ஒன்றை வாங்கியவர் எங்கள் கோல் காப்பாளரின் அம்மா. போனில் பார்த்தால் காணாது, தாளில் கழுவித் தாங்கோ என்றார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த நூறு ரூபாத் தாள்களை அவிழ்த்து எண்ணித் தந்தார். அந்த அம்மாவின் தமையனும் இதே மைதானத்தில் கோல் காத்தவர். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போன வழியில் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. தமையனின் முகம் இன்று அவரிடம் இருப்பது அடையாள அட்டையின் மங்கிய போட்டோ பிரதி ஒன்றில் மட்டும். நான் இந்த விடயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அந்த அம்மாதான் காரணம்.

புரட்டாதியில் விலையை முடிவுசெய்ய நிருவாக சபையைக் கூட்டினேன். 15 பேரில் வந்தது 6 பேர். இரண்டு முறை ஒத்திவைத்தும் அதே 6 பேர். வராதவர்கள் முடிவு எடுத்த பிறகு போனில் கேள்வி கேட்டார்கள். கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் அந்தக் கேள்விகள் பயன்பட்டிருக்கும்.

முடிவு இதுதான். ஒவ்வொரு படமாக விற்பதை விட்டு, படம் பிடிப்பவருக்கு இறுதி நாளுக்கு 12,000 ரூபா கழகமே கொடுப்பது. அணிகளின் நுழைவுக் கட்டணத்தில் 500 கூட்டினால் 16 அணிக்கு 8,000 வரும். மிச்சம் 4,000 கழகப் பொறுப்பு. விளையாடிய எல்லோருக்கும் பெயர் குறுக்கே இல்லாத படம் இலவசம். கழுவி எடுப்பவர்கள் ஸ்டூடியோக் காசு கட்டுவது. பெண் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் வெளியில் விடுவதில்லை. கடை விளம்பரத்துக்கு என்றால் படம் எடுத்தவரிடம் தனியாக விலை பேச வேண்டும். எங்கள் இறுதிப்போட்டிப் படம் ஒன்று கடை பனரில் தொங்கியது. கேட்டதற்கு ‘முகநூலில் கிடந்தது’ என்றார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஒரு படைப்பாகவே பாதுகாக்கிறது.

ஐப்பசி மழைக்கு முந்தி நடந்த 7 பேர் போட்டியில் இந்த முறையைச் செய்து பார்த்தோம். இரண்டு நாளுக்குள் படம் எல்லோருக்கும் போனது. ஒரு சண்டையும் இல்லை. இரண்டு அணிகள் 500ஐ இன்னும் தரவில்லை. அந்த 1,000 ரூபாவை நான் போட்டிருக்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாக வரவும் செலவும் ஏறக்குறையச் சரி, கையிருப்பு கொஞ்சம் உண்டு, பந்து வாங்கிய பற்றுச்சீட்டுகள் சில வர வேண்டும். சந்தா மாதம் 100 ரூபா. 62 அங்கத்தவரில் ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் 19 பேர். 22 பேர் ஒரு மாதமும் கட்டவில்லை. அவர்களுடைய நிலுவை மட்டும் இரண்டு இறுதி நாள் படக்கூலிக்குக் காணும்.

கிராம அலுவலர், பிரதேச சபையினர், மாதர் சங்கத்தினர், நடுவர்கள், ஒலிபெருக்கி தந்தவர், வெளிநாட்டில் இருந்து உதவிய பழைய வீரர்கள் அனைவருக்கும் கழகத்தின் நன்றி.

வரும் ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் கேட்டால் மனமாரக் கொடுப்பேன். யார் வந்தாலும் ஒரு அலுவல் உடனே பார்க்க வேண்டும். படம் பிடிக்கும் அந்தத் தம்பிக்கு வரும் ஆவணிக்கான கலியாண ஓடர்கள் வரத் தொடங்கிவிட்டன. எங்களுக்கு நாள் ஒதுக்க, பங்குனிக்குள் 5,000 ரூபா முற்பணம் கேட்டிருக்கிறார். சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து அரை மணித்தியாலம் பொருளாளர் அங்கேயே இருப்பார்.

நன்றி.
செயலாளர்