பலூன் குண்டைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

போர்க்கால விநோதங்களைக் காணொளியாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 'உலகின் முட்டாள்தனமான ஆயுதங்கள்' என்று நீங்கள் பட்டியல் போட்டால் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் விட்ட பலூன் குண்டு அதில் தவறாமல் வந்துவிடுகிறது. காகிதத்தில் குண்டைக் கட்டிக் காற்றில் விட்டார்களாம், ஹஹ்ஹா, அடுத்தது! இதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தக் கருவியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மரப்பட்டை நாரில் செய்த காகிதத்தைத் தாள் மேல் தாளாக ஒட்டினார்கள். பசை, நம் சேனைக்கிழங்கின் சொந்தக்காரக் கிழங்கு ஒன்றிலிருந்து வந்தது. ஒட்டியவர்களில் பலர் பள்ளி மாணவிகள். சுமார் 10 மீட்டர் விட்டம், உள்ளே ஹைட்ரஜன். பகல் வெயிலில் வாயு விரிந்தால் வால்வு கொஞ்சம் வெளியே விடும். இரவுக் குளிரில் பலூன் இறங்கும். அளவுக்கு மேல் இறங்கினால் காற்றழுத்தமானி மின்சுற்றை இணைக்கும். சின்ன வெடி வெடித்து மணல் மூட்டைகள் கழன்று விழ, பலூன் மறுபடி ஏறும். 32 மூட்டைகளும் தீர்வதற்குள் அமெரிக்கா வந்துவிடும் என்பது கணக்கு. அப்புறம் குண்டுகள். ஆளே இல்லாமல் சுமார் 3 நாளில் பசிபிக்கைத் தாண்டிய பொருளைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஏறக்குறைய 9,300 பலூன்கள் போயின. காட்டுத்தீ மூட்டுவது நோக்கம். ஆனால் பலூன்களைத் தள்ளிக்கொண்டு போகும், வானில் மிக உயரே வீசும் காற்று வேகமெடுப்பது குளிர்காலத்தில். அப்போது அங்கே காடெல்லாம் பனியிலும் மழையிலும் ஊறிக் கிடந்தது. திட்டம் கவிழ்ந்தது இங்கே.

நீங்கள் சொல்லாமல் விடும் பாதி இனிமேல்தான். பலூன்கள் வந்து சேர்வது ஜப்பானுக்குத் தெரியக்கூடாது என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. ஜப்பானுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, சரி. சொந்த ஜனங்களுக்கும் தெரியவில்லையே! 1945 மே 5 அன்று ஆரிகன் மாநிலத்தில், பிளை என்ற சிற்றூருக்கு அருகே, காட்டுக்குச் சிற்றுலா போன ஒரு பாதிரியாரின் கர்ப்பிணி மனைவியும் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் ஐவரும் தரையில் கிடந்த பலூன் குண்டு ஒன்றை நெருங்கினார்கள். அது வெடித்து ஆறு பேரும் இறந்தார்கள். பலூன் அனுப்புவதை ஜப்பான் முந்தைய மாதமே நிறுத்தியிருந்தது. பொதுமக்களுக்கு எச்சரிக்கை வந்தது இந்தச் சாவுகளுக்குப் பிறகு.

காணொளி இரண்டு நிமிடம் நீண்டாலும் பரவாயில்லை, இதைச் சேருங்கள். பழங்கதை என்று தள்ளவும் முடியாது: 2014-இல் கனடாவின் லம்பி அருகே வனப் பணியாளர்கள் கண்ணில் ஒன்று பட்டு, கடற்படை ஆட்கள் வந்து அதைத் தகர்த்தார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்